கிட்டியை நாடாளுமன்றம் வரை கொண்டுசென்ற வணிகர்

ஏறக்குறைய 35 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாவட்டத் தலைநகரில் நான் இளம் செய்தியாளனாக இருந்தேன். திருட்டுப் புகாரில் இரண்டு நாட்கள் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்ட ஒருவர், ஒருநாள் மாலை எங்கள் அலுவலகத்தின் படியேறி வந்தார். நடந்ததைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். படித்துக்காட்டி, கையொப்பமிடுமாறு பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுத்தறியாதவரோ என்று நினைத்து மைப்பெட்டியைத் தேடினேன். எழுதத் தெரியும், விரல்கள்தாம் மடங்கவில்லை என்றார். மறுநாள் இதழில், விசாரணைக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார் என்ற ஒற்றை வரி மட்டுமே வந்தது. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் வேறு ஏதோ தேடப்போய், 1855-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையைப் புரட்ட நேர்ந்தது. அதில் விரல்களைப் பற்றிய பக்கங்களை வாசித்தபோது அந்த மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. இந்த அறிக்கை உருவாகக் காரணமாக இருந்தவர் யார் என்று தேடத் தொடங்கியதுதான் என்னைக் காஜுலு லட்சுமிநரசு செட்டியிடம் கொண்டுசேர்த்தது.

சென்னையின் வரலாற்றை எழுதும் எவரும் அவர் பெயரை ஒருமுறையேனும் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆனால், பெரும்பாலும் ஒருமுறையோடு சரி. கடற்கரைச் சாலையின் சிலை வரிசையில் அவர் இல்லை.

1806-இல் சென்னையில் தெலுங்கு பேசும் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். காஜுலு என்ற தெலுங்குச் சொல்லுக்கு வளையல்கள் என்று பொருள். தந்தை சித்துலு செட்டி அவுரிச் சாய வணிகர். மகனுக்கு நெடிய பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை, கடையே கல்லூரியாயிற்று. மேலைநாடுகளில் பெருவிலைக்குப் போன சென்னைக் கைக்குட்டைத் துணிகளும் அவுரியும் குடும்பத்தைச் செல்வத்தில் உயர்த்தின. பட்டமும் பதவியும் இல்லாத இந்த வணிகர், தம் நாற்பதாம் வயதை நெருங்கும்போது ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார் என்பதே அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி.

1844 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய அந்த இதழின் பெயர் ‘கிரசண்ட்’. பிறைநிலவு என்று பொருள். இந்துக்களின் நிலையை உயர்த்துவதே நோக்கம் என்று அறிவித்துக்கொண்ட இதழுக்கு இப்படியொரு பெயரா என்று இன்றைய வாசகர் புருவம் உயர்த்தக்கூடும். வளர்பிறை என்ற கருத்தில் வைத்திருப்பார் என்று கொள்கிறேன். ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் முன்னாள் படைவீரரான எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர். ஆளும் இனத்தவர் ஒருவரை ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தி, ஆளும் மொழியிலேயே ஆட்சியை விமர்சித்ததில் ஒரு வணிகரின் முன்யோசனை தெரிகிறது. கும்பினி அரசு அந்த இதழைத் தொடக்கம் முதலே ஐயத்துடன்தான் பார்த்தது.

அவருடைய முதல் போராட்டங்கள் சமயம் சார்ந்தவை. ஆளுநர் ட்வீடேல் பிரபு 1846-இல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடநூலாக்க முனைந்தபோது, பொதுக்கூட்டம் கூட்டி, இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களுக்கு விண்ணப்பம் அனுப்பியவர்களின் முன்னணியில் அவர் நின்றார். இயக்குநர்கள் ஆளுநரின் திட்டத்தை ஏற்கவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எந்தச் சமயத்தையும் போதிக்கலாகாது என்ற நிலைப்பாட்டில் இன்று நாம் அவரோடு முழுமையாக உடன்படுவோம். அதே ஆண்டுகளில், மதம் மாறியவர்களுக்கும் பரம்பரைச் சொத்தில் உரிமை உண்டு என்று வந்த சட்ட வரைவையும் அவர் அதே வேகத்தில் எதிர்த்தார். மதம் மாறியதற்காக ஒரு மனிதனின் சொத்தைப் பறிப்பது நியாயம் என்று என்னால் ஏற்க இயலவில்லை. 1850-இல் அச்சட்டம் நிறைவேறியதில் எனக்கு மகிழ்ச்சியே. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிச்செல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. லட்சுமிநரசு செட்டிக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஏனெனில், அவருடைய பெரும்பணி அதற்குப் பின்னர்தான் வந்தது.

கும்பினியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்தியாவைத் திரும்பிப் பார்க்கும் தருணம் அது. அதை எதிர்நோக்கி 1852-இல் சென்னை நேட்டிவ் அசோசியேஷன் என்ற சங்கம் உருவானது. கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்திய சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, சில மாதங்களிலேயே தனியாகப் பிரிந்தது. பிரிவுக்குக் காரணம் இருந்தது: கல்கத்தாவில் ஜமீன்தார்களின் கவலைகள் வேறு, ரயத்துவாரி முறையில் அரசுக்கே நேரடியாகத் தீர்வை செலுத்திய சென்னை மாகாணத்துக் குடியானவரின் கவலைகள் வேறு. நாடாளுமன்றத்துக்குச் சங்கம் அனுப்பிய நீண்ட விண்ணப்பத்தில் நிலவரியின் சுமை, உப்பின் விலை, தறிக்கும் தொழிற்கருவிக்கும் விதித்த வரி, நீதிமன்றங்களின் தாமதம், பாசனமும் சாலையும் கவனிப்பாரற்றுக் கிடந்த நிலை எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சங்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்து வணிகர்கள். ஏர் பிடித்தவர்கள் இல்லை. ஆயினும் அவுரி பயிரான ஊர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, தீர்வை வசூலிக்கும் மாதங்களில் கிராமங்களில் நடப்பது காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

நாடாளுமன்றம் விண்ணப்பத்தைப் பெற்றது, சாசனத்தையும் புதுப்பித்தது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பார். ஆனால், இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு செட்டி அவரை மாளிகை விருந்துகளோடு அனுப்பிவிடவில்லை. மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். இரயில் பாதை இன்னும் போடப்படாத காலம் அது. குடியானவர்களை அவர்களுடைய ஊரிலேயே சந்திக்க வைத்தார். தீர்வை கட்டாதவர்களை என்ன செய்கிறார்கள் என்பதை அனுபவித்தவர்களின் வாயாலேயே சீமோர் கேட்டறிந்தார்.

என்ன செய்தார்கள் என்பதை அறிக்கை தயக்கமின்றி விவரிக்கிறது. மிகவும் வழக்கத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று கிட்டி: இரண்டு கோல்களுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது. நம் சிறுவர்கள் ஆடிய கிட்டிப்புள்ளில் உள்ள அதே சொல்தான். தமிழ் அகராதிகள் விளையாட்டுக் கோலையும் வதைக்கும் கோலையும் ஒரே சொல்லின் கீழ் அடுத்தடுத்துத் தருகின்றன. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றாலோ அவர் உடுத்திய துணியாலோ இணைத்து, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது, சில வேளைகளில் முதுகில் கல்லையும் ஏற்றுவது. மிளகாய்ப் பொடியைக் கண்ணில் தூவுவது, பிள்ளைப்பூச்சியைத் தொப்புளில் வைத்துக் கட்டுவது, உணவும் தண்ணீரும் மறுப்பது என்று பட்டியல் நீள்கிறது. பெரும் தொகைக்காக அன்று. சில ரூபாய்களுக்கும் அணாக்களுக்குமாகவே இவை பெரும்பாலும் நிகழ்ந்தன.

1854 ஜூலையில் மக்களவையில் சீமோர் இதைப் பேசியபோது கும்பினியின் ஆதரவாளர்கள் நம்ப மறுத்தனர். மறுப்பு வலுத்ததாலேயே விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று. அவ்வாண்டிலேயே சென்னையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. தலைமை மாஜிஸ்திரேட் எலியட், அரசு அதிகாரி ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் உறுப்பினர்கள். குறைகளைச் சொல்ல வருமாறு மாகாணம் முழுவதும் அறிவிப்புச் செய்தனர். குறுகிய கால அவகாசத்தில் வந்த புகார்கள் 1,959. அவற்றில் 1,440 கடிதங்கள். எஞ்சிய 519 பேர் நேரில் வந்தவர்கள். இந்த 519 என்ற எண்ணை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஊர் திரும்பியதும் அதே தாசில்தார், அதே சேவகர் முகத்தில்தான் அவர்கள் விழிக்க வேண்டும். தெரிந்தே வந்தார்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை அளிக்கப்பட்டது. தீர்வை வசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை பரவலாக நடந்தது உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, சுதேசிக் கீழ்நிலை ஊழியர்களே குற்றவாளிகள் என்றும் முடித்தது. கிட்டியை முறுக்கிய கை நம்மவருடையதுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால், முறுக்கிப் பெற்ற பணம் எந்தக் கருவூலத்தில் சேர்ந்தது என்ற கேள்வியைக் குழு உரிய இடத்தில் வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வடஇந்தியக் கிளர்ச்சியின்போது சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி இலண்டன் இதழ்கள் எழுதிக் குவித்த வேளையில், கார்ல் மார்க்ஸ் நியூயார்க் இதழ் ஒன்றில் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்துக்காட்டி அந்தக் கேள்வியை எழுப்பினார்.

குழு கண்டறிந்த இன்னோர் உண்மை பயன் தந்தது. தீர்வை வசூலிப்பவரே காவல் அதிகாரியாகவும் குற்றங்களை விசாரிப்பவராகவும் இருந்ததால், அடிபட்டவன் அடித்தவனிடமே முறையிட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம், வருவாய்த் துறையிலிருந்து காவல் துறையைப் பிரித்துத் தனி அமைப்பாக்கியது. அடுத்த ஆண்டு நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவைப் பிரித்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் காணலாம். வாக்குமூலத்துக்காக வதைக்கும் காவல் அதிகாரியையும் நிலுவைக்காக வதைக்கும் வருவாய் அதிகாரியையும் அது எடுத்துக்காட்டாகவே தருகிறது. கிட்டியும் அண்ணாந்தாளும் கச்சேரித் திண்ணைகளிலிருந்து மெல்ல மறைந்தன. தீர்வைக்காக அடிக்கும் வழக்கம் நின்றது. வாக்குமூலத்துக்காக அடிக்கும் வழக்கம் புதிய துறையோடு சேர்ந்தே வந்துவிட்டது. 2020-இல் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த செய்தி வந்த வாரத்தில், அந்த 1855 அறிக்கையின் திருநெல்வேலிப் பக்கங்களை நான் மறுபடியும் எடுத்து வாசித்தேன்.

லட்சுமிநரசு செட்டி ஓயவில்லை. சங்கம் தொடர்ந்து விண்ணப்பங்களை அனுப்பியது. கும்பினியின் ஆட்சியே முடிவுக்கு வர வேண்டும், பிரிட்டிஷ் அரசியார் நேரடியாக ஆள வேண்டும் என்று அதில் கேட்டார்கள். இன்று இது அடிமைத்தனமாகத் தோன்றலாம். கிட்டியை மட்டுமே அறிந்தவருக்கு, கேள்வி கேட்க ஒரு நாடாளுமன்றம் உள்ள ஆட்சி மேலானதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1858-இல் கும்பினி ஆட்சி முடிந்தது. புதிய அரசு அவரைப் பகைவராகக் கருதவில்லை. இந்திய நட்சத்திர விருது அளித்தது; 1863-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமித்தது.

அதற்குள் கடையின் நிலை மாறியிருந்தது. இதழ் ஒருநாளும் இலாபம் ஈட்டியதில்லை. அச்சகம், ஆசிரியர் சம்பளம், விண்ணப்பங்களின் செலவு, இலண்டனுக்கு அனுப்பும் கடிதங்கள், மாவட்டப் பயணங்கள் என யாவும் ஒரே பெட்டியிலிருந்து போயின. வணிகத்தைக் கவனிக்க நேரமும் இல்லை. சங்கமும் தளர்ந்து செயலற்றுப்போனது. செல்வந்தராகப் பொதுவாழ்வுக்கு வந்தவர், 1868-இல் இறந்தபோது கையில் ஏறக்குறைய ஏதும் இல்லாதவராக இருந்தார்.

அவர் மறைந்து 10 ஆண்டுகள் கழித்து, 1878-இல், இதே சென்னையில் ஆறு இளைஞர்கள் ஓர் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். உயர் நீதிமன்ற நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலோ-இந்திய ஏடுகள் ஏளனம் செய்ததற்கு விடைசொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்பது அவர்களின் ஆதங்கம். முதல் இதழை 80 படிகள் அச்சிடக் கடன் வாங்கிய தொகை ஒன்றே முக்கால் ரூபாய்.