கொல்லன் மகன் ஃபாரடே



விஞ்ஞானமா, அது நமக்கெங்கே வரப்போகிறது என்று ஒதுங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்தப் பயம் இன்னும் கூடிவிடுகிறது. கணக்கு வரவில்லை, வீட்டில் வசதியில்லை என்று காரணமும் சொல்வார்கள். இந்த இரண்டு குறையும் இருந்த ஒருவரின் கதை இது.

மைக்கேல் ஃபாரடே 1791-இல் லண்டன் பக்கத்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டிய நாளும் உண்டு. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார். படித்ததை அப்படியே நம்பிவிடவும் இல்லை. சில்லறைக் காசில் சாமான் வாங்கித் தானே செய்து பார்த்தார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1812-இல் கடைக்கு வருகிற ஒருவர் டிக்கெட் கொடுக்க, ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, தாமே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிக்கு உதவியாளர் ஆனார்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறதே, காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1825-இல் முயன்றார், நடக்கவில்லை. நடக்கவில்லை என்றே நோட்டில் எழுதி வைத்தார். (நம் பிள்ளைகளோ விடை தப்பினால் உடனே அழித்துவிடுவார்கள்!) 1831-இல் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரம் விடும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றதில் முள் துள்ளியது. பிறகு சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தார், மின்சாரம் வந்தது. ஜெனரேட்டர் ஓடுவது இந்த விதியால்தான்.

உயர்ந்த கணிதம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோடு கோடாக நிற்பதைப் பார்த்தே யோசித்தார். அதைக் கணக்காக்கிக் கொடுத்தவர் பின்னால் வந்த மாக்ஸ்வெல்.

தோட்டத்து மக்களுக்கு இன்னொரு செய்தி. 1824-இல் இரண்டு ரப்பர் தகடுகளை ஓரத்தில் ஒட்டி, உள்ளே மாவு தடவி பலூன் செய்தவரும் இவரே. 1826-இல் ரப்பர் பாலை வாங்கி ஆராய்ந்து, ரப்பரில் 5 பங்கு கார்பன் அணுவுக்கு 8 பங்கு ஹைட்ரஜன் அணு என்று கணக்கிட்டார். நாம் மங்கில் இறக்கும் பாலிலும் அதே கணக்குதான். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877-இல். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1867-இல், ஃபாரடே காலமாகிவிட்டார்.