மேடைக்கு மதிப்புத் தேடிய கலையரசு

கூத்தாடி என்னும் சொல்லை வசைச்சொல்லாக வழங்கிய சமுதாயம் நம்முடையது. மேடையில் அரிச்சந்திரனாக நின்றவனைக் கண்டு கண்ணீர் உகுத்தவர்களே, திரை விழுந்தபின் அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் இருத்தத் தயங்கினர். இந்த இழிவை ஈழத்திலே துடைக்க முற்பட்டோருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர், கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள்.

அவர் பிறந்தது 1889ஆம் ஆண்டு. அவர் இளைஞராயிருந்த காலத்துக் கொழும்பு, துறைமுகத்தால் வளர்ந்த பட்டினம். உத்தியோகம் நாடி யாழ்ப்பாணத்தாரும், வணிகம் நாடித் தமிழகத்தாரும் அங்கே வந்து குடியேறினர். பொருள் புழங்கும் ஊரைக் கலைஞர் தேடி வருதல் இயல்பன்றோ? பார்சி நாடக முறையைப் பின்பற்றிய தமிழகக் குழுக்கள், எழுதிய திரைகளோடும் ஆர்மோனியத்தோடும் கடல் கடந்து வந்தன. ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் தமிழ் நாடகத்துக்குப் பேர்பெற்ற இடங்களாயின. சிங்கள நாடகத்துக்கு மருதானையில் 1911ஆம் ஆண்டு டவர் மண்டபம் எழுந்தது.

அதே 1911ஆம் ஆண்டிலேதான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்து நாடகங்களை நடித்தனர். முதலியார் வழக்கறிஞர், 1891ஆம் ஆண்டு அச்சபையைத் தோற்றுவித்தவர். கற்றோரும் உத்தியோகத்தரும் வேடம் புனைந்து, பாட்டைக் குறைத்து வசனத்தைப் பெருக்கி நடிக்கும் புதுமுறை அவருடையது. இருபத்திரண்டு வயதினராகிய சொர்ணலிங்கம் அந்நாடகங்களிலே தம் வழியைக் கண்டுகொண்டார். முதலியாரையே தம் குருவாக வரித்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1913ஆம் ஆண்டு, லங்கா சுபோத விலாச சபை கொழும்பிலே தோன்றிற்று. அச்சபையின் உயிர்நாடியாக விளங்கியவர் அவரே.

குருவின் நாடகங்களைச் சீடர் ஈழத்து மேடைக்குக் கொண்டுவந்தார். சேக்ஸ்பியரைத் தழுவி முதலியார் எழுதிய வாணீபுர வணிகனில், வட்டிக்குக் கொடுக்கும் வணிகனாக அவர் நடித்த நடிப்பு நெடுங்காலம் பேசப்பட்டது. பெண் வேடத்தையும் ஆடவரே தாங்கிய காலம் அது. பயிற்சி, ஒழுங்கு, நேரம் தவறாமை ஆகியவற்றை அவர் நாடகத்தின் அறமாகவே கொண்டார். தாம் நடந்து வந்த பாதையை, ஈழத்தில் நாடகமும் நானும் என்ற நூலாகவும் எழுதி வைத்தார். 1982ஆம் ஆண்டு, தொண்ணூற்று மூன்றாம் வயதில், அவர் மறைந்தபோது ஈழத்து நாடகத் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்திருந்தது.

நிற்க. இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. சபை நாடகக்காரருக்கு மதிப்புக் கிடைத்தமைக்குக் காரணம், அவர்கள் திறமையோடு நடித்தமை மட்டுமன்று. அவர்களுக்கு நடிப்பு பிழைப்பாக இல்லாமையுமாகும். பகலில் அலுவலகத்தில் சம்பளம் பெற்றவர் இரவில் அரிதாரம் பூசினால் அது கலை எனப்பட்டது. அரிதாரத்தாலேயே அடுப்பெரித்தவரோ பழைய வசையைத் தொடர்ந்து சுமந்தார். நாட்டுக் கூத்தரின் நிலையும் அதுவே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1962இல் கர்ணன் போரையும், 1964இல் இராவணேசனையும் மாணவரைக் கொண்டு மேடையேற்றிய பின்னரே, கூத்தைக் கற்றோர் தம் செல்வமென உணரத் தலைப்பட்டனர்.

கொழும்பிலே தமிழ் கற்பிக்கும் நான், ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கு மாணவரை நாடகத்துக்குப் பழக்குவதுண்டு. விழாவன்று பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து மகிழ்கின்றனர். மகனோ மகளோ நாடகத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பினால், அவர்களே என்னிடம் வந்து, பிள்ளையின் மனத்தை மாற்றும்படி வேண்டுகின்றனர். அவர்களை நான் குறை கூறேன். கலைஞனின் முதுமைக்கு வழி செய்யாத நாட்டில் பெற்ற மனம் அஞ்சத்தான் செய்யும். ஆயினும் பொழுதுபோக்காக இருக்கும்வரை போற்றுவதும், பிழைப்பானால் தூற்றுவதும் நேர்மையாகுமா?

கற்றவனும் மேடை ஏறலாம் என்று காட்டினார் சொர்ணலிங்கம். மேடையை நம்பி வாழ்பவனும் மதிப்போடு வாழலாம் என்று காட்டும் பணி நம்முடையது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாடகம் காணச் செல்வோர், கைதட்டுவதோடு நில்லாது, நுழைவுச்சீட்டைக் காசு கொடுத்து வாங்குவார்களாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.