நெடுங்கம்பியின் கணக்கு: ஆலிவர் ஹெவிசைடு

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் கணினிகளை வலையமைப்புடன் இணைக்கும் முறுக்கு இணை வடம் 100 மீட்டர் நீளத்தைத் தாண்டலாகாது என்பது நடைமுறை விதி. அதற்கு மேல் நீட்டினால் குறிப்பலை நலிந்தும் உருக்குலைந்தும் மறுமுனையை அடையும். கம்பி நீள நீளச் செய்தி ஏன் சிதைகிறது என்னும் இவ்வினா கணினிக்கு மிகவும் முந்தையது. தந்தியோடு பிறந்து தொலைபேசியோடு வளர்ந்தது. அதற்கு முழுமையான விடை கண்டவர், கல்லூரியில் பயிலாத, செவித்திறன் குன்றிய ஓர் ஆங்கிலேயர்.

ஆலிவர் ஹெவிசைடு 1850 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள் இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை மரச்செதுக்கு ஓவியர். குடும்பத்தில் வறுமை நிலவியது. இளமையில் தாக்கிய செங்காய்ச்சல் அவருடைய கேட்கும் ஆற்றலைப் பெரிதும் பறித்தது. பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. ஆயினும் ஒரு நற்பேறு வாய்த்தது: தந்தித் துறையின் முன்னோடியான சார்லஸ் வீட்ஸ்டன் அவருடைய பெரியம்மாவின் கணவர். அவ்வழியில் தந்தித் தொழிலுக்கு வந்த ஹெவிசைடு, டென்மார்க்கிலும் பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் பணியாற்றினார். இவ்விரு நாடுகளையும் இணைத்த கடலடி வடத்தில் ஒரு திசையில் செய்தி விரைவாகவும் மறுதிசையில் மெதுவாகவும் செல்வதைக் கண்டு, அதன் காரணத்தைக் கணக்கிட்டு அறிய முற்பட்டார். 1874 இல், இருபத்து நான்காம் வயதில், வேலையைத் துறந்து பெற்றோர் இல்லத்துக்குத் திரும்பினார். அதன்பின் அவர் வாழ்நாளில் எந்த வேலையும் பார்க்கவில்லை. மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலைத் தாமே கற்று, அதன் கடினமான சமன்பாடுகளை இன்று நாம் கற்கும் நான்காகச் சுருக்கியவர் இவரே.

அக்காலத்தில் நெடுங்கம்பியைப் பற்றி நிலவிய கருத்து வில்லியம் தாம்சன் வகுத்தது; பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் அவர். கடலடி வடம் நீண்டதொரு மின்தேக்கி போன்றது. அதில் மின்னூட்டம் நிரம்பவும் வடியவும் நேரமாகும். ஆகவே கூர்மையாக அனுப்பிய துடிப்பு மறுமுனையில் மழுங்கிப் பரவி வந்து சேரும் என்பது அவர் முடிவு. மெதுவாக அனுப்பும் தந்திக்கு இக்கணக்கு ஓரளவு போதுமானதாயிற்று. தொலைபேசி வந்ததும் நிலை மாறியது. மனிதக் குரல் பல அதிர்வெண்களின் கலவை. கம்பியில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் வெவ்வேறு வேகத்தில் சென்று, வெவ்வேறு அளவில் தேய்கிறது. சேர்ந்து புறப்பட்டவை சிதறி வந்து சேர்வதால் பேச்சு குழறலாகிறது. தேய்ந்த ஒலியைப் பெருக்கிக் கேட்கலாம்; குழறிய ஒலியைப் பெருக்கினால் குழறலே பெருகும். இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தறிந்ததே ஹெவிசைடின் சிறப்பு.

கம்பியின் மின்தடை, மின்தேக்குத்திறன் ஆகியவற்றோடு மின்கசிவையும் தன் மின்தூண்டலையும் அவர் கணக்கில் சேர்த்தார். இந்நான்கும் குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் சென்று ஒரே அளவில் தேயும். அலை வலுவிழக்குமேயன்றி உருக்குலையாது என்று 1887 இல் நிறுவினார். இதற்கு அவர் கூறிய வழி வியப்பூட்டுவது. மின்தூண்டலைக் குறைப்பதன்று, கூட்டுவதே தீர்வு. மெல்லிய நூலை உதறினால் எழும் அலை சில முழங்களுக்குள் அடங்கிவிடும். கனத்த தேர்வடத்தில் எழுந்த அலை நெடுந்தொலைவு செல்லும். நூலுக்கு இல்லாத நிலைமம் வடத்துக்கு உண்டு. மின்னோட்டத்துக்கு அத்தகைய நிலைமத்தை அளிப்பது மின்தூண்டல்.

பிரித்தானிய அஞ்சல் துறையின் மின்பொறியியலில் செல்வாக்குப் பெற்றிருந்த வில்லியம் பிரீஸ் இதனை ஏற்கவில்லை. மின்தூண்டல் பேச்சுக்குப் பகை என்பது அவர் கொள்கை. அதே துறையில் பணியாற்றிய தமையன் ஆர்தருடன் ஹெவிசைடு எழுதிய கட்டுரை வெளிவராதபடி அவர் தடுத்தார். அதே ஆண்டில், ஹெவிசைடின் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டுவந்த இதழும் அத்தொடரை நிறுத்தியது. பட்டமும் பதவியும் இல்லாதவரின் கணக்கைச் சரிபார்க்க எவரும் முன்வரவில்லை. 1888 இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வில் காட்டிய பின்னரே காற்று திசைமாறியது. 1889 இல் மின்பொறியாளர் கழகத் தலைமையுரையில் தாம்சனே ஹெவிசைடைப் பாராட்டினார். 1891 இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

பயன் மட்டும் வேறிடத்தில் விளைந்தது. கம்பியின் இடையிடையே மின்தூண்டல் சுருள்களைப் பொருத்தும் முறையை அமெரிக்காவில் கேம்பெல், பூபின் ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்தனர். 1900 இல் பூபின் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1911 இல் பெருக்கிகள் ஏதுமின்றி, இச்சுருள்களின் துணையால் நியூயார்க்கிலிருந்து டென்வர் வரை பேச முடிந்தது. கோட்பாட்டைத் தந்த ஹெவிசைடுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. அரசு அளித்த சிறு ஓய்வூதியத்தில் அவர் காலம் கழித்தார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராதது அவர் விட்ட பிழை எனலாம். காப்புரிமையை அறியாதவரல்லர் அவர். நடுக்கம்பியைக் குழல்போல் மற்றொரு கடத்தி சூழும் இணையச்சு வடத்துக்கு 1880 இலேயே காப்புரிமை பெற்றவர். பிற்காலத்தில் தொடக்கநிலை ஈத்தர்நெட் வலையமைப்புகள் இவ்வகை வடத்தின் மீதே இயங்கின.

அதிக அதிர்வெண்களைத் தடுப்பதால், தொலைபேசிக் கம்பிவழி அகன்ற அலைவரிசை இணையம் வந்தபோது அச்சுருள்களை அகற்ற நேர்ந்தது. ஆயினும் இன்று வடம் பதிப்போர் கணக்கிடும் மின்னெதிர்ப்பு என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ஹெவிசைடுதான்.

இறுதி ஆண்டுகளை டார்கி நகரில் தனிமையில் கழித்தார். அப்போது எழுதிய மடல்களில் தம் பெயருக்குப் பின், பட்டத்தைப் போலவே, ஆங்கிலத்தில் புழு என்று பொருள்படும் நான்கு எழுத்துகளை இட்டார். 1922 இல் மின்பொறியாளர் கழகம் தன் முதல் பாரடே பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1925 பிப்ரவரி 3 ஆம் நாள் மறைந்தார். பெயின்டன் கல்லறைத் தோட்டத்தில், பெற்றோருடன் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.