தமிழில் வேதம் தந்த தத்துவ போதக சுவாமிகள்
(1577 – 1656)

நம் கொங்கு நாட்டில் பேச்சின் முடிவில் ஒரு சிறு 'ங்க' சேர்த்தால் மரியாதை. அதை விட்டுவிட்டால் மனத்தாங்கல். ஒரே செய்திதான், ஆனால் ஒன்று வாசலைத் திறக்கும், மற்றொன்று அடைத்துவிடும். இந்த உண்மையை, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்து வந்த ஓர் இளங்குரு கண்டுகொண்டார். இன்று நாம் ஆலயத்தைக் 'கோயில்' என்று இயல்பாகச் சொல்லுகிறோம் என்றால், அதில் அவருடைய பங்கு பெரிது. அவர்தான் தத்துவ போதகர் என்று தமிழகம் போற்றும் சங். ராபர்ட் தெ நொபிலி சுவாமிகள். நம் விழா மலரைப் படிக்கும் ஒவ்வொருவரும் இப்பெரியாரின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

சுவாமிகள் 1577-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தார். பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ் அவருடைய குடும்பத்தின் உறவினர். செல்வமும் பதவியும் காத்திருந்தும் அவற்றை உதறிவிட்டுச் சேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். 1604-இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, ஓராண்டுக்கும் மேற்பட்ட துன்பப் பயணத்திற்குப் பின் 1605-இல் கோவா வந்து சேர்ந்தார். முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் பயின்று, 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரையை அடைந்தார்.

மதுரையில் அப்போது சங். கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமிகள் பணியாற்றி வந்தார். பக்தியும் தியாகமும் நிறைந்த முதியவர். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளைக் கவனித்தார். ஊரார் அவரிடம் அன்பாகவே இருந்தனர். ஆயினும் ஆண்டுகள் பல கடந்தும் மதுரை மக்களில் எவரும் வேதத்தில் சேரவில்லை. ஏன்?

காரணத்தைத் தேடிய நொபிலி சுவாமிகளின் காதில் ஒரு சொல் விழுந்தது: பறங்கி. ஐரோப்பியரைக் குறிக்க அரபு நாட்டார் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது அது. போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் பெயராகவே ஏற்றுக் கொண்டனர். கிறிஸ்தவன் என்பதற்கும் பறங்கி என்பதற்கும் வேறுபாடில்லை என்று எண்ணினர். எனவே, ஞானஸ்நானம் பெற வருபவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே கேட்கும் வழக்கம் இருந்தது. ஆனால் மதுரை மக்களின் செவியில் அச்சொல் ஒலித்த விதமே வேறு. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, நாட்டு ஆசாரம் எதையும் மதியாத அந்நியக் கூட்டம் என்பதே அவர்கள் கொண்ட பொருள். சேசுநாதரை ஏற்றுக்கொள்ள விரும்பியவனும், தன் பெற்றோரையும் சுற்றத்தையும் விட்டு அந்நியனாக மாற வேண்டுமோ என்று அஞ்சிப் பின்வாங்கினான். கேட்டவர் நினைத்த பொருள் ஒன்று, கேட்கப்பட்டவர் கொண்ட பொருள் மற்றொன்று. இரண்டிற்கும் நடுவில் சுவிசேஷம் வாசலிலேயே நின்றுவிட்டது!

சுவாமிகள் அந்தக் கேள்வியையே மாற்றினார். தாம் பறங்கி அல்ல, ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி என்று ஊரறியச் செய்தார். காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், மரக்கறி உணவு ஒருவேளை மட்டும் உண்டார். தமிழோடு தெலுங்கையும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதம் பயின்றார். அம்மொழியை ஆழக் கற்ற முதல் ஐரோப்பியர் இவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பெர்னாந்தஸ் சுவாமிகளின் பள்ளி ஆசிரியர் ஒருவர் இவருடன் ஏறத்தாழ இருபது நாட்கள், நாள்தோறும் பல மணி நேரம் வாதிட்டு, இறுதியில் ஞானஸ்நானம் பெற்றார்.

உடையையும் உணவையும்விட, அவர் சொற்களில் செய்த மாற்றமே நிலைத்து நின்றது. அதற்கு முன்பே, 1578-இல், தமிழறிஞரான சங். அன்றிக்கே அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சேற்றியிருந்தார். ஆயினும் அக்காலச் செபங்களில் லத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே தமிழ் எழுத்தில் நின்றன. கோயில் 'இகிரேசா' எனப்பட்டது. திவ்விய பலிபூசையைக் குறிக்கும் மிஸ்ஸா என்ற சொல் 'மீசை' என்றே வழங்கியது! கேட்பவர் சிரிப்பதா, வணங்குவதா?

நொபிலி சுவாமிகள் மக்களின் நாவில் ஏற்கெனவே பக்தியோடு வழங்கிய சொற்களை எடுத்தார். கோயில், பூசை, வேதம், குரு, ஞானஸ்நானம் போன்ற சொற்கள் கத்தோலிக்க வழக்கில் வேரூன்றின. கடவுளைக் குறிக்கச் 'சர்வேசுரன்' என்ற சொல்லைத் தேர்ந்தார். எல்லாவற்றிற்கும் ஈசுரன் என்று அச்சொல்லே மறைக்கல்வி நடத்தியது. பழைய சொல்லில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டு வருமே என்று சிலர் அஞ்சினர். அது நியாயமான அச்சமே. அதற்காகவே அவர் சொல்லைத் தந்ததோடு நில்லாமல் அதை விளக்கி நூல்களும் எழுதினார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலியன அவர் படைத்தவை. செய்யுளே பெரிதென மதிக்கப்பட்ட அந்நாளில் உரைநடையில் எழுதியதால், தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தே வந்தது. உடன் உழைத்த பெர்னாந்தஸ் சுவாமிகளே மேலிடத்திற்கு முறையிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் பேராயர் உட்படப் பலர் அவரைக் கண்டித்தனர். வழக்கு ரோமை எட்டியது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைத் தகுந்த நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

அதே 1623-இல்தான் சுவாமிகள் நம் கொங்கு மண்ணை மிதித்தார். மதுரையை விட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அங்கு ராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். சேலத்திலோ தங்க இடம் கிடைக்காமல் முதலில் துன்புற்றார். ஆயினும் பொறுமை பலன் தந்தது. திருமங்கல நாயக்கர் என்ற பிரபு 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். மோரமங்கலத்தில் விசுவாசம் வேரூன்றியது. 1640-களில் சத்தியமங்கலத்திலும் வேதபோதகம் தொடங்கிற்று. 1886-இல் கோயமுத்தூர் மறைமாவட்டம் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் விதைக்கப்பட்ட விதை இது.

முதுமையில் சிறைவாசமும் கண்டார், பார்வையும் மங்கியது. யாழ்ப்பாணத்திலும், பின் மயிலாப்பூரிலும் வாழ்ந்து, 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

பெரியோரைப் போற்றும்போது குறையை மறைத்தல் முறையன்று. 'பறங்கி' என்ற சொல்லை நீக்கிய சுவாமிகள் 'குலம்' என்ற சொல்லை நீக்கவில்லை. சாதி ஆசாரம் வேறு, வேத விசுவாசம் வேறு என்று பிரித்தார். மேற்குலத்தாருடன் ஒரு குருவும் மற்றவருடன் வேறொரு குருவும் பழக வேண்டியதாயிற்று. 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற குருக்கள் எளியோரிடையே சென்று அரும்பணி ஆற்றினர். ஆயினும் பிரிவினை தொடர்ந்தது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் தனியிடங்களும் தனிக் கல்லறைகளும் நீடித்த துயர வரலாறு நாம் அறிந்ததே. 1623-இல் அனுமதி தந்த அதே பாப்பரசர், உயர்குலத்தோர் கோயிலில் எளியோரை இகழாமல் அவர்களோடு சேர்ந்து இறைவார்த்தையைக் கேட்க வேண்டும் என்றும் அதே சாசனத்தில் வேண்டிக் கொண்டார். அனுமதியை உடனே எடுத்துக் கொண்டோம். வேண்டுகோளைப் பல தலைமுறைகள் மறந்தோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு நம் தாய்மொழியில் வந்தது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார். பழைய சொற்களோடு வளர்ந்த பாட்டிமார் சிலருக்கு அது வருத்தமே. அவர்கள் 'பூசைக்குப் போறேனுங்க' என்று சொன்னால் யாரும் திருத்த வேண்டாம். அந்தச் சொல்லிலும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஆனால் நாம் ஒருவரையொருவர் அழைக்கும் சொற்களைத் திருத்திக் கொள்ளலாம். பீடத்தின் முன் சகோதரர் என்கிறோம். கோயில் வாசலைத் தாண்டியதும், பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சு வந்ததும், என்ன சொல்லால் அவரைக் குறிக்கிறோம்? ஒரு சொல் நாயக்கர் காலத்து மதுரையில் வேதத்தின் வாசலை அடைத்தது. நம் வாயிலிருந்து புறப்படும் சொல் எவருக்கும் வாசலை அடைக்காதிருக்க, இந்த ஜூபிலி நாளில் உறுதி கொள்வோமாக.