கணக்கேடு காட்டிய கொடுமை
எட்மண்ட் மொறெல் (1873–1924)

நாம் அருந்தும் தேநீரும், பிள்ளைகளுக்கு வாங்கும் சொக்கலேற்றும், அணியும் ஆடையும் எவருடைய உழைப்பால் ஆனவை என்பது கடைத்தட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒரு நாட்டில் விளையும் பொருள் மற்றொரு நாட்டில் பதப்படுத்தப்பட்டு மூன்றாவது நாட்டில் விலையாகிறது. இந்நீண்ட வழியில் எங்கோ மனிதர் அடிமைப்படுத்தப்பட்டிருப்பின், வாங்குவோர் அதனை அறிவது எங்ஙனம்? ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கணக்கேடுகளைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை கண்டார், கப்பற் கம்பனி ஒன்றின் எழுதுவினைஞர். அவரே எட்மண்ட் மொறெல்.

இரு மொழி அறிந்த இளைஞர்

மொறெல் 1873 யூலை 10ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். நான்கு வயதில் தந்தையை இழந்த அவர் இங்கிலாந்தில் கல்வி பயின்றார். பதினைந்தாவது வயதில் படிப்பை விடுத்துப் பாரிஸ் வங்கியொன்றில் பணியேற்றார். 1891இல் லிவர்பூல் நகரிலிருந்த எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பற் கம்பனியில் எழுதுவினைஞரானார். 1896இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் நிகழ்ந்தது.

அன்று கொங்கோ நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட அப்பெருநிலத்தை அவர் 1885 முதல் ஆண்டுவந்தார். ஆபிரிக்க மக்களை அடிமை வணிகத்தினின்று காப்பதே தம் நோக்கம் என உலகை நம்பவைத்திருந்தார். அந்நாட்டிற்கும் அன்ற்வேர்ப் துறைமுகத்திற்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து எல்டர் டெம்ப்ஸ்டரின் கையில் இருந்தது. பிரெஞ்சு மொழி அறிந்தவர் என்பதால் அங்குள்ள அலுவல்களைக் கவனிக்க மொறெல் அடிக்கடி அனுப்பப்பட்டார்.

ஏடுகளில் கண்டது

அங்கே அவர் மூன்று உண்மைகளைக் கண்டார். முதலாவது, கொங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் பெருமதிப்புள்ள இறப்பரையும் யானைத் தந்தத்தையும் இறக்கின. இரண்டாவது, திரும்பிச் செல்லும் கப்பல்களில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் படையதிகாரிகளும் சென்றனவேயன்றி, அம்மக்களுக்கு விலையாகக் கொடுக்கத்தக்க பண்டங்கள் மிகச் சொற்பமாகவே ஏற்றப்பட்டன. மூன்றாவது, வந்திறங்கிய பொருளின் மதிப்பு வெளியிடப்பட்ட கணக்குகளிற் காட்டப்பட்டதைவிட மிகுந்திருந்தது.

விலை கொடாமல் இத்துணைப் பொருள் வருவதாயின், அதனைச் சேர்ப்போர் கூலியின்றி உழைக்கின்றனர் என்பதே பொருள். அவர்களை உழைக்கவைப்பவை அந்தத் துப்பாக்கிகளே. கொங்கோ மண்ணை ஒருமுறையேனும் மிதியாமலே மொறெல் இம்முடிவிற்கு வந்தார்.

அவர் ஊகித்தது மெய்யாயிற்று. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை உருவாக்கிய பின்னர் இறப்பருக்குப் பெருந்தேவை எழுந்திருந்தது. கொங்கோக் காடுகளிற் படர்ந்த கொடிகளிலிருந்து பால் எடுத்துவர ஒவ்வோர் ஊருக்கும் அளவு விதிக்கப்பட்டது. அளவு நிறையும்வரை பெண்கள் பணயமாக அடைக்கப்பட்டனர். எதிர்த்த ஊர்கள் சுட்டெரிக்கப்பட்டன. செலவிட்ட தோட்டாக்களுக்குக் கணக்காக, வெட்டிய கைகளைப் படையினர் மேலதிகாரிகளிடம் ஒப்படைத்தனர்.

பதவி துறந்து போராட்டம்

கம்பனியின் தலைவரே லிவர்பூலில் கொங்கோ அரசின் தூதுப் பிரதிநிதியாகவும் இருந்தார். அவரிடம் முறையிட்டும் பயனில்லை. குடும்பச் சுமையைப் பொருட்படுத்தாது மொறெல் 1901இல் பதவி விலகினார். 1903இல் சொந்தமாக வாரப் பத்திரிகை தொடங்கினார். அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் கொங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. தூதரக அதிகாரி றோஜர் கேஸ்மென்ற் உள்நாடு சென்று ஆராய்ந்த அறிக்கை 1904இல் வெளிவந்தது. அவ்வாண்டில் மொறெல் கொங்கோ சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். அலிஸ் ஹரிஸ் என்னும் மதப்பணியாளர் அங்கு எடுத்த புகைப்படங்கள் கூட்டந்தோறும் திரையிற் காட்டப்பட்டன. இறுதியில் 1908இல் கொங்கோ மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசின் பொறுப்பிற்கு மாறியது. கட்டாய உழைப்பு ஒரு நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆதலால் 1913 வரை சங்கமும் ஓயவில்லை.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றுண்டு. மொறெலுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் ஒருவர் சொக்கலேற் உற்பத்தியாளர் வில்லியம் கட்பரி. அவருடைய நிறுவனமோ சாவோ தொமே தீவின் கொக்கோவை வாங்கிவந்தது. அதனை விளைவித்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, ஊர் திரும்ப வழியற்றிருந்த கூலிகள். ஐயம் 1901இலேயே எழுந்திருந்தும், அக்கொக்கோவை வாங்குவதில்லை என நிறுவனம் அறிவித்தது 1909இலேதான். நல்லெண்ணம் படைத்தோரும் தம் சரக்கின் மூலத்தைக் காணக் காலந்தாழ்த்துவர் என்பதற்கு இது சான்று.

பிற்காலம்

முதலாம் உலகப் போரை எதிர்த்த மொறெல், நடுநிலை நாடான சுவிற்சர்லாந்துக்குப் பிரசுரங்கள் அனுப்பிய குற்றத்திற்காக 1917இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதனால் உடல்நலம் குன்றினார். 1922இல் டண்டீ தொகுதியில் வின்ஸ்ரன் சேர்ச்சில் தோல்வியுற, தொழிற்கட்சி வேட்பாளரான மொறெல் பாராளுமன்றம் புகுந்தார். 1924 நவம்பர் 12ஆம் நாள் காலமானார். ஆபிரிக்கர்க்காக வழக்காடிய அவரே, 1920இல் ஜேர்மனியில் நிறுத்தப்பட்ட பிரெஞ்சு ஆபிரிக்கப் படையினரைப் பற்றி இனவெறுப்புத் ததும்பும் கட்டுரைகளை எழுதினார். அவர் வாழ்வில் அது நீங்காத கறையாகும்.

இன்றைய நிலை

2021இல் உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் எனச் சர்வதேசத் தொழில் தாபனமும் அதனுடன் இணைந்து பணியாற்றிய அமைப்புகளும் மதிப்பிட்டன. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு வருவாய் 3 கோடியே 60 இலட்சம் பவுணுக்குக் குறையாத நிறுவனங்கள் இதுபற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவேண்டும் என்கிறது. எனினும், நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை என எழுதினாலும் அச்சட்டம் அதனை ஏற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டமோ, கட்டாய உழைப்பால் ஆன பொருளைச் சந்தையிலேயே தடைசெய்கிறது. அது 2027 டிசெம்பரில் நடைமுறைக்கு வருமென விதிக்கப்பட்டுள்ளது.

முதலாளி பறித்துவைத்த கடவுச்சீட்டு, வேலை பெற்றுத்தந்ததற்கான தீராக் கடன், சம்பளப் பட்டியலில் ஏறாத வேலைநேரம் ஆகியவை இன்றைய அடையாளங்கள். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் நம்மவர் பலர் இவற்றை நன்கறிவர். அஞ்சி வாய்திறவாதிருப்போரும் உளர். அவர்கள் பேச இயலாதபோதும் ஏடுகள் பேசும். கணக்கெழுதுவோரும் களஞ்சியம் காப்போரும் பொதி ஏற்றுவோரும் நம்மிடையே உளர். பொருள் வருகிறது, கூலி போகவில்லை என்பதை முதலிற் காணக்கூடியவர்கள் அவர்களே.