சேர் ஜகதீச சந்திர போஸ்

சேர் ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்திற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தர். எனினும் மைந்தனை முதலில் தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். ஆங்கு உழவர், மீனவர் பிள்ளைகளோடு பழகிய பழக்கமே இயற்கைமேல் அவருக்குப் பற்றினை விளைத்தது.

கேம்பிறிட்ஜிற் கற்று மீண்ட போஸ், 1885இற் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியரானார். ஐரோப்பியரிலும் குறைந்த ஊதியமே தமக்கு விதிக்கப்பட்டமை கண்டு, மூன்று ஆண்டுகள் ஊதியம் ஏலாது கற்பித்தார். ஈற்றில் அரசினர் முழு ஊதியத்தையும் அளித்தனர்.

மின்னலைகளை ஆராயுங்கால், அவற்றை ஏற்கும் கருவி நெடிது உழைத்தபின் சோர்ந்து, ஓய்வின்பின் தெளிதலை அவர் கண்டார். தசையும் அவ்வாறன்றோ சோர்கின்றது! விலங்கின் நரம்பைத் தூண்டினால் அதன்வழி மின்மாற்றம் ஓடுமென்பது அறிஞர் அறிந்ததே. தாவரத்திலும் அஃது உண்டோ என ஆராய்ந்த போஸ், சாதாரண செடிகளும் தூண்டலுக்கு மின்விடை தருதலையும், நஞ்சூட்டினால் அவ்விடை ஒழிதலையும் அளந்து காட்டினார்.

1901 யூன் 6ஆம் நாள் இலண்டன் வேத்தியற் கழகத்தில் இதனை எடுத்துரைத்தபோது, உடற்றொழிலியற் பேரறிஞர் பேடன் சாண்டர்சன் மறுத்துரைத்தார். கட்டுரை அச்சேறவில்லை. போஸ் கலங்கினாரல்லர், நுண்கருவிகளைத் தாமே வகுத்து, தொட்டாற்சுருங்கியில் தூண்டல் பரவும் வேகத்தை அளந்தார். 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920இல் அவ்வேத்தியற் கழகமே அவரை அங்கத்தவராக ஏற்றது.

அவர் கூறியவற்றுள் எவை நிலைத்தன? தாவரத்தில் மின்குறிகள் ஓடுதல் இன்று ஐயமற்ற உண்மை. ஆயின் தாவரத்துக்கு விலங்கினைப்போல் நரம்புக் கலங்கள் உளவென்பதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. மனித மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒரு கலத்தின் இழைவழி மின்துடிப்பாக ஓடும் செய்தி, அடுத்த கலத்தை அணுகும் சந்தியிற் பெரும்பாலும் இரசாயனப் பொருளால் கடத்தப்படுகின்றது. சில இடங்களில் மாத்திரம், இரு கலங்களையும் இணைக்கும் நுண்துளைகளூடாக மின்னோட்டம் நேரே பாய்கின்றது. முலையூட்டிகளின் மூளையில் இவ்வழி உண்மையென நிறுவப்பட்டது போஸ் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரே.

1937 நவம்பர் 23ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் இடையே பிறர் எழுப்பிய மதிலைப் பொருட்படுத்தாது, மறுப்புக்கு அளவையால் விடையிறுத்த அப்பெரியாரின் நெறி, எம் கல்லூரி ஆய்வுகூடத்தில் அமரும் மாணவர் யாவரும் கைக்கொள்ளத் தக்கதாகும்.