பல்லால் பிடித்த ரேஸ்

பழவேற்காடு ஏரிப் பக்கம் போயிருக்கீங்களா? அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை வீசுகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனிச்சுப் பாருங்க. ரெண்டு கையிலும் வலை இருக்கும். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்திருப்பார்கள். கை போதாத இடத்தில் பல்தான் மூணாவது கை.

இதே வேலையை 1956ல் ஒருத்தர் ஓடும் சைக்கிள் மேல் செய்தார். அவர் பெயர் ஃபியோரென்சோ மாக்னி. இத்தாலிக்காரர்.

மாக்னி 1920 டிசம்பர் 7ஆம் தேதி, டஸ்கனி பகுதியில் வையானோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அவர் காலத்து இத்தாலியில் சைக்கிள் ரேஸ் என்றால் ஃபாஸ்டோ கோப்பி, ஜினோ பர்தாலி என்ற ரெண்டு பேர்தான். நாடே ரெண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. அதனால் மாக்னிக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘மூன்றாம் மனிதர்’. ஆனால் அந்த மூன்றாம் மனிதர் பெல்ஜியத்தின் கல்பாவிய ரோட்டில் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் ரேஸை 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தார். இத்தாலியின் பெரிய ரேஸான ‘ஜிரோ’வையும் 1948, 1951, 1955 என மூன்று தடவை வென்றார். ஜிரோ என்பது சுமார் மூன்று வாரம், 3,500 கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டிய ரேஸ். 1948ல் அவர் ஜெயித்த வித்தியாசம் வெறும் 11 செகண்ட்!

அவரைக் குறையே இல்லாத ஹீரோவாக்க வேண்டாம். அந்த 1948 ஜிரோவில், மலை ஏறும்போது ரசிகர்கள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று அவருக்கு 2 நிமிடம் அபராதம் விழுந்தது. அது போதாது என்று கோப்பி கோபப்பட்டு ரேஸை விட்டே விலகினார். அதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மாக்னி முசோலினி பக்கம் இருந்தவர். போருக்குப் பின் அவர் மேல் வழக்கு நடந்தது. தண்டனை இல்லாமல் வெளியே வந்தார். ஆனாலும் பலர் கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை.

இப்போ 1956க்கு வருவோம். வயது 35. இந்த வருடத்தோடு போதும் என்று முடிவு செய்துவிட்டார். இதுதான் கடைசி ஜிரோ. அதன் 12ஆவது கட்டத்தில், வோல்டெர்ரா என்ற ஊர் இறக்கத்தில் விழுந்தார். இடது காறை எலும்பு முறிந்தது. டாக்டர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் மாவுக்கட்டே வேண்டாம் என்று சொல்லி, எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு அடுத்த நாள் சைக்கிள் ஏறினார்.

சமதளத்தில் எப்படியோ சமாளிக்கலாம். மேட்டில்தான் பிரச்சினை. நீங்களே சைக்கிளில் ஒரு பாலம் ஏறிப் பாருங்க. இடது காலை அழுத்தி மிதிக்கும்போது இடது கை ஹேண்டில்பாரைத் தன்னை அறியாமல் மேலே இழுக்கும். அந்த இழுப்பு இல்லாவிட்டால் மிதியில் முழு பலமும் இறங்காது. நியூட்டனின் மூன்றாம் விதிதான், வேறொன்றும் இல்லை. மாக்னியின் இடது கையால் இழுக்க முடியவில்லை. போலோன்யா நகரத்தின் சான் லூகா மேட்டில் அடுத்து ஒரு ஏற்றப் போட்டி இருந்தது.

அவருடைய மெக்கானிக் ஃபாலியேரோ மாஸி ஒரு வழி சொன்னார். ஒரு ட்யூபை வெட்டி, ஒரு முனையை ஹேண்டில்பாரில் கட்டி, மறுமுனையை மாக்னியின் வாயில் கொடுத்தார். கை இழுக்க வேண்டியதைப் பல்லும் கழுத்தும் இழுத்தன. அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவை இணையத்தில் தேடிப் பாருங்க.

கதை அங்கேயே முடியவில்லை. இடது கையில் பலம் இல்லாததால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாமல், அடுத்த கட்டத்தில் மறுபடி விழுந்தார். அதே பக்கம். இந்தத் தடவை மேல்கை எலும்பும் போச்சு. வலியில் மயங்கியவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நினைவு வந்ததும் கத்தி வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி மறுபடி சைக்கிள் ஏறினார். அன்று ராத்திரி எக்ஸ்ரே எடுக்கவும் சம்மதிக்கவில்லை. எடுத்தால் உண்மை தெரிந்துவிடுமே!

ஜூன் 8. மொந்தே பொந்தோனே மலை. ஜூன் மாதத்தில் பனிப்புயல். அன்று ஒரே நாளில் 40க்கும் மேற்பட்டவர்கள் ரேஸை விட்டார்கள். எல்லா எலும்பும் நன்றாக இருந்தவர்கள்! லக்சம்பர்க் வீரர் சார்லி கால் முதலில் வந்து ஜிரோவையே கைப்பற்றினார். மாக்னி அன்று மூன்றாவது. மிலான் நகரத்தில் ரேஸ் முடிந்தபோது மொத்தத்தில் இரண்டாம் இடம். சார்லி காலுக்கும் அவருக்கும் 3 நிமிடம் 27 செகண்ட்தான் இடைவெளி.

இதைப் படிச்சிட்டு அடுத்த இன்டர்-காலேஜ் மேட்சில் உடைந்த காலோடு யாரும் இறங்கிடாதீங்க. டாக்டர் நிற்கச் சொன்னால் நில்லுங்க. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. ஆரம்பத்தில் அவர் கோப்பைக்காக ஓடவில்லை. தன் கடைசி ஜிரோவை ஆம்புலன்ஸில் முடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்றைய கட்டம் முடியட்டும், நாளையை நாளை பார்ப்போம் என்று ஓடினார். செமஸ்டர் முழுக்க மலை மாதிரி தெரியும்போது நமக்கும் வேண்டியது அந்தக் கணக்குதான்.

சொன்னபடியே அந்த வருடத்தோடு ஓய்வு பெற்றார். ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. கார் வியாபாரம் செய்தார், கிசாலோ மலையில் சைக்கிள் மியூசியம் அமையப் பாடுபட்டார். 2012 அக்டோபர் 19ல், 91 வயதில் மறைந்தார்.

வலை வீசுகிறவர்களைத் திரும்பவும் பாருங்க. வலை காற்றில் விரியும் அந்த நொடியில் வாயைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வலையோடு பல்லும் போகும். மாக்னிக்கு ரெண்டும் தெரிந்திருந்தது: கடித்துப் பிடிக்கவும், நேரம் வந்ததும் விடவும்.